யாழ்ப்பாணத்து மனையும் அதன் பேணலும்

தோற்றுவாய்

கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் கட்டியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. எந்த அரசன் எந்தக் கோயிலை எடுப்பித்தான், எந்த ஆண்டில் எந்தக் கோட்டை எழுந்தது என்பன ஏடுகளிலும் கல்வெட்டுக்களிலும் இடம் பெறுகின்றன. எழுந்த கட்டடத்தை அடுத்து வந்த ஐம்பது மாரிகளினின்றும் காத்தவர் யாவர், எவ்வாறு காத்தனர் என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. அரண்மனைக்கும் கோயிலுக்குமே இந்நிலையாயின், குடியானவனின் வீட்டைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை. ஆயினும் ஒரு நாட்டு மக்களின் அறிவும் உழைப்பும் ஆண்டுதோறும் செலவிடப்பட்ட இடங்களுள் வீடு தலையாயது. கட்டுதல் ஒரு தலைமுறையில் ஒருமுறை நிகழ்வது. பேணலோ ஒவ்வோராண்டும் நிகழ்வது. யாழ்ப்பாணத்து வீடுகள் எவ்வாறு பேணப்பட்டு வந்தன, அப்பேணல் காலந்தோறும் எவ்வாறு மாறிற்று, அம்மாற்றத்தால் எய்தியனவும் இழந்தனவும் யாவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

சொல்லும் மரபும்

பழுதுற்றதைச் சீர்செய்தற்குத் தமிழிற் சொற்கள் பல உள. செப்பனிடுதல், திருத்துதல், புதுக்குதல் என்பன அவற்றுட் சில. கோயிற்குரிய இத்தகைய தொண்டு திருப்பணி எனப் பெயர் பெற்றது. கோயிற் பழுதுபார்த்தற்கென விடப்பட்ட நிலம் 'புதுக்குப்புறம்' எனப்பட்டது. புதிது கட்டுதற்குப் பொருள் வேண்டுவதுபோலப் பழையதைக் காத்தற்கும் நிலையான பொருள் வேண்டும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பேணும் பொறுப்பு ஊரவர் குடவோலையால் தெரிந்தெடுத்த குழுவின் கையில் இருந்தது. மயமதம் முதலிய சிற்ப நூல்களும் புதியன அமைக்கும் விதியோடு பழுதுற்றன புதுக்கும் விதியையும் ஓதுகின்றன. சைவாலயங்களிற் பன்னிரண்டாண்டுக்கொருமுறை திருப்பணி செய்து கும்பாபிடேகம் ஆற்றும் வழக்கத்தின் உள்ளே ஒரு பராமரிப்பு முறை அமைந்திருத்தல் கவனித்தற்குரியது. மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தபின் விமானமும் மண்டபமும் நுணுகிப் பார்க்கப்படுகின்றன; வெடிப்புக்கள் அடைக்கப்படுகின்றன; வண்ணம் புதுக்கப்படுகின்றது. சமயக் கிரியை கட்டடத்தின் ஆயுளையும் நீட்டுகின்றது.

வீட்டுக்கு அத்தகைய எழுதப்பட்ட விதி இல்லை. அதன் விதி பருவங்களிலும் பண்டிகைகளிலும் அமைந்து கிடந்தது. சங்க இலக்கியத்தில் நெடுநல்வாடை அரண்மனைக்கு நாட்கொண்டு, நூலிட்டுத் திசை கண்ட முறையைக் கூறுகின்றது. பெரும்பாணாற்றுப்படை ஈந்தின் இலையால் வேய்ந்த எயினர் குடிலைக் காட்டுகின்றது. அங்கு வழங்கும் 'வேய்தல்' என்னும் வினையே யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'வீடு மேய்தல்' என இன்றும் வழங்குகின்றது. சொல் நிலைத்தது, அது குறித்த தொழிலும் இரண்டாயிரம் ஆண்டுகள் இடையறாது நிலைத்திருந்தமையால் என்க.

ஓலையும் மண்ணும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த தட்டையான நிலம். ஆறு இல்லை, மலை இல்லை, பெருங்காடும் இல்லை. ஆண்டு மழை ஏறக்குறைய 50 அங்குலம். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்கின்றது. எஞ்சிய மாதங்கள் வெயிலும் காற்றுமே. இவ்வியற்கையே வீட்டின் அமைப்பையும் அதன் பேணலையும் வரையறுத்தது. பனை உத்தரமும் கைமரமும் சலாகையும் தந்தது, ஓலை கூரையாயிற்று, நார் கட்டுதற்குக் கயிறாயிற்று. செம்மண் குழைத்துச் சுவர் வைக்கப்பட்டது. பனையில் எல்லாப் பகுதியும் வீட்டுக்கு உதவாது. முதிர்ந்த மரத்தின் புறத்தே உள்ள வைரமே வலியுடையது. உள்ளே கிடக்கும் சோறு நீக்கப்படல்வேண்டும். சோறு முழுதும் நீக்கப்படாத கைமரத்தைக் கறையான் எளிதிற் பற்றும். எனவே வீட்டின் ஆயுள், மரம் தறிக்கும்போதே முடிவுசெய்யப்பட்டது எனல் பொருந்தும்.

கூரை மேய்தல் வேனிலின் இறுதியில், மாரி தொடங்குமுன் முடிக்கவேண்டிய பணி. வெட்டிய பனையோலைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, மிதித்துப் பாரம் வைத்துத் தட்டையாக்குவர். தென்னோலையாயின் நடுநரம்பிற் பிளந்து, நீரில் ஊறவிட்டுக் கிடுகாகப் பின்னுவர். பின்னுதல் பெரும்பாலும் பெண்டிர் தொழில். கூரைமேலேறிக் கட்டுதல் ஆடவர் தொழில். தாழ்வாரத்தில் தொடங்கி முகடு நோக்கிச் சென்று, மேல்வரிசை கீழ்வரிசையைத் தழுவி நிற்குமாறு கட்டுவர். நீர் எவ்விடத்தும் தங்காது வழிந்தோட வேண்டுமாதலின் ஓலைக்கூரை செங்குத்தான சரிவுடையதாய் அமைந்தது. முகடே மிகவும் நலிந்த இடமாதலின் அங்கு ஓலை இரட்டித்து இடப்பட்டது. சோழகக் காற்று வீசும் திசையிற் கட்டுக்கள் நெருக்கமாயின. கிடுகு ஓரிரு மாரியைத் தாங்கும்; நன்கு கட்டிய பனையோலை அதனினும் சற்றுக் கூடுதலாக நிற்கும். இறக்கிய பழைய ஓலை வீணாகவில்லை. அது புகையிலைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் பசளையாயிற்று. இவ்வாறு வீட்டின் கழிவு தோட்டத்தின் உரமாக, வீட்டின் பேணலும் பயிர்த்தொழிலும் ஒரே ஆண்டுச் சுழற்சியுட் பிணைந்திருந்தன.

நிலத்துக்குச் சாணம் மெழுகுதல் தூய்மைச் சடங்காகவே இக்காலத்தாராற் கருதப்படுகின்றது. அதன் தொழிற்பயனும் நோக்கற்பாலது. மண்தரை காய்ந்து வெடிக்கும் இயல்பினது. சாணத்திலுள்ள நார்ப்பொருள் அந்நுண்ணிய வெடிப்புக்களை அடைத்து, மேற்பரப்பைப் பிணைத்துப் புழுதி எழாது காக்கின்றது. வெள்ளி, செவ்வாய் என நாட்குறித்து மெழுகியமையால் வெடிப்பு பெருகுமுன் அடைபட்டது. அடுக்களைப் புகையும் இவ்வாறே. அது கூரையினூடு பரவி ஓலையை உலரச் செய்தது; பூச்சிகளை ஓட்டியது; கைமரத்திற் படிந்து கரிப்பூச்சாய் நின்றது. அடுப்பெரியாத வீட்டின் கூரை விரைவில் உக்கிப்போதல் ஊரார் அறிந்த உண்மை. மக்கள் வாழ்தலே வீட்டைக் காத்தது என்பது வெறும் அணியுரையன்று.

சுண்ணாம்பும் கல்லும்

போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் முறையே அவ்விடத்தைப் பெற்றனர். கோட்டையும் தேவாலயங்களும் சுண்ணக்கல்லாலும் பவளக்கல்லாலும் எழுந்தன. இவற்றுக்கு வேண்டிய கல்லும் சுண்ணாம்பும் உள்ளூரிலேயே கிடைத்தன. அவற்றைச் சுமந்த கைகள் 'ஊழியம்' என்னும் கட்டாயப் பணிக்குட்பட்ட குடிகளின் கைகளே. கல்வீட்டுக் கலை குடாநாட்டிற் பரவியதற்கு இப்பெருங்கட்டடப் பணிகளும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். வீட்டின் உறுப்புக்களுக்கும் பொருள்களுக்கும் அக்காலத்து வந்து புகுந்த சொற்கள் இம்மாற்றத்தைக் காட்டும். சன்னல், கிராதி, சாவி, அலுமாரி, மேசை, கதிரை, குசினி என்பன போர்த்துக்கேய மொழியினின்றும் வந்தவை. பழுதுபார்ப்போர் கையிலுள்ள அலவாங்கும் அவ்வழி வந்த சொல்லே. ஆயின் சுவர், கூரை, முகடு, வளை, கைமரம், தாழ்வாரம், திண்ணை, முற்றம் என்னும் அடிப்படைச் சொற்கள் தமிழாகவே நின்றன. வீட்டின் எலும்புக்கூடு பழையது, அதன்மேல் ஏறிய அணிகலன்கள் புதியன என்பது இதனாற் பெறப்படும்.

சுண்ணாம்பின் இயல்பை அறிந்தாலன்றிப் பழைய கல்வீட்டின் பேணலை விளங்கிக்கொள்ளல் இயலாது. சுண்ணக்கல்லை அல்லது சிப்பியைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திற் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்கும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீரூற்றினால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலுடன் குழைத்துச் சாந்தாக்கிச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகின்றது. கல்லிற் பிறந்து கல்லாய் முடியும் இச்சுற்று நிறைவுறப் பல மாதங்கள், ஏன் பல ஆண்டுகளும் செல்லும். இதனாலேயே பழைய கொத்தர் நீற்றிய சுண்ணாம்பை நெடுநாள் ஊறவிட்டனர். மெல்லிய பூச்சுக்களாகப் பூசினர். விரைந்து காயாதபடி ஈரம் காத்தனர். தென்னாட்டுக் கொத்தர் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லக் கரைசலையும் சாந்திற் சேர்த்தமை யாவரும் அறிந்ததே.

சுண்ணாம்புச் சாந்துக்கு இரு குணங்கள் உள. ஒன்று, அது மூச்சுவிடும். மழைக்காலத்திற் சுவர் உறிஞ்சிய ஈரம் வெயிற்காலத்திற் சாந்தினூடு ஆவியாகி வெளியேறும். மற்றையது, அது தன் சிறு புண்களைத் தானே ஆற்றிக்கொள்ளும். நுண்ணிய வெடிப்பினுட் புகும் நீர் அங்குள்ள சுண்ணாம்பைக் கரைத்து, மீண்டும் அவ்வெடிப்பிலேயே படியவிடும். இவ்விரு குணங்களுக்கும் துணையாய் அமைந்ததே ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கம். மாரி ஓய்ந்து தை பிறக்கும் வேளையில், பொங்கலை முன்னிட்டு வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன. இதனை அழகுக்கும் மங்கலத்துக்கும் செய்த செயலென்றே பலரும் எண்ணுவர். உண்மையில் மழையாற் கழுவப்பட்ட சுவருக்கு அவ்வாண்டுக்குரிய புதிய சுண்ணாம்பு ஊட்டப்பட்டது. ஒவ்வொரு வெள்ளையடிப்பும் ஒரு மெல்லிய செப்பனீடு. நூறாண்டு கடந்த சுவர்களில் இத்தகைய பூச்சுக்கள் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் ஒன்றன்மேலொன்றாகக் கிடத்தலைக் காணலாம்.

நாற்சார் வீடு

இம்மரபுகள் யாவும் ஒருங்கு திரண்ட வடிவம் நாற்சார் வீடு. நடுவே வானோக்கிய முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், அதனைச் சூழ அறைகள். வெளிச்சமும் காற்றும் முற்றத்தினூடு வந்தன. ஆயின் நாற்புறக் கூரையின் நீரும் அம்முற்றத்திலேயே விழுந்தமையால், வீட்டின் உயிர் நீரோட்டத்திலே தங்கியிருந்தது. கூரைகள் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் நீரோடும் பீலிகள் அமைந்தன. சருகு ஒன்று பீலியை அடைத்தாற் போதும். நீர் திரும்பி வளையின் தலையை நனைக்கும். நனைந்த வளை உக்கும். உக்கிய வளையைக் கறையான் தேடிவரும். ஆதலின் ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பீலியையும் முற்றத்து நீர்வாயையும் துப்புரவு செய்தல் வீட்டுத் தலைவரின் கடமையாயிருந்தது. கூலியாளரிடம் விடாது, ஏணி வைத்துத் தாமே ஏறிப் பார்த்த முதியோர் பலர்.

ஓட்டுக்கூரையும் இவ்வாறே கண்காணிக்கப்பட்டது. முதலில் வழங்கிய நாட்டோடு வளைவான சிறு ஓடு. ஒன்று கவிழ்த்தும் ஒன்று நிமிர்த்தும் அடுக்கப்படுவது. காற்றும் அணிலும் பூனையும் அதனை எளிதில் அசைத்துவிடும். எனவே ஆண்டுதோறும் ஓடு பிரித்து அடுக்கவேண்டியிருந்தது. 1865 இல் பாசல் மிசன் சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியபின், ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டையோடு தென்னாசியாவெங்கும் பரவிற்று. கள்ளிக்கோட்டை ஓடு எனவும் மங்களூர் ஓடு எனவும் பெயர் பெற்ற அது கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. அது பாரம் குறைந்தது, குறைந்த சரிவிலும் நீரை வழியவிட்டது, எளிதில் அசையாதது. இதனால் ஆண்டுப்பணி பத்தாண்டுப் பணியாயிற்று. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டுக்கொருமுறை கூரையைத் திறந்து பார்க்கும் வாய்ப்பும் அதனோடு மறைந்தது. உடைந்த ஓரோடு பல மாரிகள் கவனிக்கப்படாது கிடந்து, கீழுள்ள சலாகையையும் கைமரத்தையும் உக்கச் செய்தல் நேர்ந்தது. முன்னறிவுடையோர் வீடு கட்டியபோதே சில ஓடுகளை மிகையாக வாங்கிக் கோடிப்புறத்தில் அடுக்கிவைத்தனர். ஓட்டின்மேல் நடப்போர் நடுவில் மிதியாது, கைமரத்தின் நேரே ஓட்டின் தலைப்பகுதியில் அடிவைக்கவேண்டும் என்னும் பாடமும் அவ்வாறே கைமாறி வந்தது.

கிணறும் வேலியும்

யாழ்ப்பாணத்து மனை கூரையோடு முடிவதன்று. கிணறும் வேலியும் அதன் உறுப்புக்கள். உறுதிகளில் வீட்டோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் சேர்த்தெழுதப்படுதல் இதற்குச் சான்று. மழைநீர் சுண்ணக்கல்லினூடு இறங்கிக் கடலின் உவர்நீருக்குமேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. குடாநாட்டின் உயிர் அப்படையே. நீர்மட்டம் மிகவும் தாழும் ஆடி, ஆவணிக் காலத்திற் கிணற்றை இறைத்துச் சேறெடுத்தல் வழக்கம். ஆழக் கிணறாயின் விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாது எரிதல் கண்டபின்னரே ஆள் இறங்குவான். துலாவின் அச்சு, துலாக்கொடி, கட்டுக்கல் என்பன அப்போதே சோதிக்கப்பட்டன. பங்குக் கிணறாயின் பங்காளிகள் தத்தம் பங்கின்படி செலவையும் உழைப்பையும் பகிர்ந்தனர். பங்காளிகளுட் பகை மூண்டபோது தூர் வாராது கிணறு பாழ்பட்டதும் உண்டு. பேணல் என்பது பொருளறிவு மட்டுமன்று. அயலாரோடு ஒத்துவாழும் அறிவுமாம்.

வேலியும் அத்தகையதே. கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலிய கதியால்களை நட்டு, கிடுகோ ஓலையோ வைத்துக் கட்டுவது ஆண்டுப் பணி. கதியால் தழைத்தாற் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். வேலி அடைக்கும் நாளில் எல்லை ஒரு சாண் நகர்தலும், அதனால் வழக்கு நீதிமன்றம் ஏறுதலும் இந்நாட்டவர் அறிந்த செய்தி. மதில்கள் பெருகியபின் வழக்குக்கள் குறைந்திருக்கலாம். ஆயின் ஆண்டுக்கொருமுறை இரு வீட்டாரும் வேலியின் இருமருங்கும் நின்று நார் வாங்கிக் கொடுத்து உரையாடிய நாளும் அவற்றோடு போயிற்று.

உழைத்தோர் யாவர்?

இம்மரபைப் போற்றுவோர் அதன் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. பெருவீடுகள் பலவற்றின் கூரையை மேய்ந்தோரும், வேலியை அடைத்தோரும், கிணற்றைத் தூர்வாரியோரும் அவ்வீட்டுக்குரியோர் அல்லர். அடிமை குடிமை முறையிற் கட்டுண்ட மக்கள் அப்பணிகளைக் கடமையாக ஆற்றினர். இலங்கையில் அடிமைமுறை 1844 ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் சாதிவழி வந்த குடிமைப் பணி அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது. பிறர் வீட்டைச் செப்பனிட்ட கைகளுக்குரியோர் பிறர் காணியில் ஒரு கொட்டிலில் வாழ்ந்தனர். காணி தமதன்றாதலின் நிலைத்த வீடு கட்டும் உரிமையும் ஊக்கமும் அவர்க்கு இல்லாமற் போயின. கட்டடப் பொருள் சமூகப் படிநிலையின் அடையாளமாதல் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. கண்டியரசிற் பத்தொன்பதாண்டுகள் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தம் நூலில், அந்நாட்டுக் குடிகள் வீட்டுக்கு ஓடு வேயவும் சுண்ணாம்பால் வெள்ளையடிக்கவும் அனுமதிக்கப்படவில்லை என எழுதியுள்ளார். தன் வீட்டைத் தன் விருப்பப்படி கட்டவும் காக்கவும் வல்லவனாதல் எல்லார்க்கும் இயல்பாய் வாய்த்த உரிமையன்று. அது காலப்போக்கிற் பெறப்பட்ட உரிமை. தன் கையால் தன் மனையைத் திருத்துவோன் இழிதொழில் செய்கின்றான் என்னும் எண்ணம் அப்பழைய அமைப்பின் எச்சமேயாம். அவ்வெண்ணம், தொழிலறிந்தோரை ஒருபுறமும் வீடுடையோரை மறுபுறமும் நிறுத்தி, அறிவு ஏட்டில் ஏறாதவாறும் தடுத்தது.

சீமெந்தின் வருகை

சோசப் அசுப்டின் என்னும் ஆங்கிலேயர் 1824 இல் உரிமம் பெற்ற போட்லன்ட் சீமெந்து, இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் தோற்றத்தையே மாற்றியது. 1950 இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின், குடாநாட்டுச் சுண்ணக்கல்லே சீமெந்தாயிற்று. சூளையிற் சுண்ணாம்பு நீறிய நிலத்தில் ஆலைப் புகைபோக்கிகள் எழுந்தன. சீமெந்து விரைவில் இறுகும்; வலியது; ஆண்டுதோறும் கவனம் வேண்டாதது போலத் தோன்றும். ஏழையும் கல்வீடு கட்டும் வாய்ப்பைத் தந்தமை அதன் பெருஞ்சிறப்பு. ஓலைக்கூரைக்குத் தீயால் நேர்ந்த அழிவையும், 1964 மார்கழிச் சூறாவளி போன்றவற்றாற் கூரை பறிபோன துயரையும் கண்டோர் கல்லையும் சீமெந்தையும் நாடியதிற் குறைகூற இடமில்லை.

ஆயின் புதியதைப் பழையதன்மேல் ஒட்டியவிடத்தே பிழை நேர்ந்தது. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழஞ்சுவரின் வெடிப்பைச் சீமெந்தாற் பூசுதல் வழக்கமாயிற்று. சீமெந்துப் பூச்சு இறுக்கமானது; ஈரத்தை எளிதில் வெளிவிடாது. அடித்தளத்தினின்று ஏறும் ஈரம் பூச்சின் பின்னே சிறைப்படும். அவ்வீரத்திலுள்ள உப்பு அங்கேயே உறைந்து பருத்து, சாந்தைப் பொருக்காக உதிர்க்கும். உதிர்ந்த இடத்தில் மீண்டும் சீமெந்து பூசப்படும். ஈரம் இன்னும் உயர ஏறும். மருந்தே நோயாகும் இந்நிலையைப் பழைய வீடுகள் பலவற்றிற் காணலாம். வலிய பொருளே சிறந்த பொருள் என்னும் எண்ணம் இதற்குக் காரணம். செப்பனிடுதலில் வலிமையினும் ஒத்த இயல்பே வேண்டற்பாலது. கொங்கிறீற்றுத் தட்டுக்களுக்கும் தமக்குரிய நோய் உண்டு. கழுவாத கடல்மணலைக் கலந்தால் அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பினும் மிகுந்த இடத்தைப் பிடிக்குமாதலின் கொங்கிறீற்று வெடித்துப் பிளக்கும். அஸ்பெஸ்ரோஸ் தகட்டை வெட்டும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்டூள் புற்றுநோய் விளைப்பது என்பதும் இக்காலத்திற் தெளியப்பட்டுள்ளது. நிலையானவை எனக் கருதப்பட்ட பொருள்களும் பேணலை வேண்டி நிற்கின்றன. ஆயின் அவற்றின் பழுது வெளித்தோன்றாது உள்ளே வளர்வது. ஓலைவீடு தன் குறையை மழைத்துளியால் உடனே அறிவித்தது. கொங்கிறீற்று வீடோ நெடுநாள் வாய் திறவாது.

பாழ்மனைகள் உரைக்கும் பாடம்

ஆளற்ற வீடு எவ்வளவு விரைவில் அழியும் என்பதை வரலாறு இருமுறை காட்டியுள்ளது. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்களும் மனைகளும் கூரையிழந்து பாழடைந்து கிடந்தன. கற்சுவர்கள் நின்றமையால் அவற்றைத் திருத்திக் கூரையிட்டுப் பயன்படுத்தினர். அங்கு முதலிற் போனது கூரை. கடைசிவரை நின்றது சுவர்.

மற்றைய காட்சி அண்மைக் காலத்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் மனைகளை விட்டு நீங்கினர். காங்கேசன்துறை ஆலையும் அவ்வாண்டில் ஓய்ந்தது. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அது மாரி தொடங்கும் வேளை. ஓடு திருத்தி, பீலி துடைத்து, வீட்டை மழைக்கு ஆயத்தஞ் செய்யவேண்டிய காலத்தில் வீடுகள் பூட்டப்பட்டன, பூட்டப்படாதும் விடப்பட்டன. 1996 இல் பலர் மீண்டனர். வடக்கின் உயர் பாதுகாப்பு வலயத்துட்பட்ட காணிகளுக்கோ, 2009 இற் போர் முடிந்தபின்னரே சிறிது சிறிதாக மீளும் வாய்ப்புக் கிடைத்தது. இருபதாண்டுக்கு மேலாகத் திரும்பாதிருந்தோர் கண்டவை யாவை? குண்டுபட்டு இடிந்தவை ஒருபுறமிருக்க, குண்டுபடாத வீடுகளும் இடிந்திருந்தன. ஆலும் அரசும் சுவரின் வெடிப்பில் வேரூன்றி நின்றன. வளையும் நிலையும் கறையானுக்கு இரையாயின, அல்லது கழற்றிச் செல்லப்பட்டன. கிணறுகள் தூர்ந்து கிடந்தன. போர் அழித்ததையும் பேணலின்மை அழித்ததையும் வேறுபிரித்தல் அங்கு அரிது. சீதனமாய்த் தாய்வழி மகளுக்கு வந்த மனைகள் ஒரு தலைமுறை கைமாறாது நின்றுவிட்டன. மனையோடு கைமாறவேண்டிய அறிவும் உடன் நின்றுவிட்டது. எந்தப் பீலி அடைபடும், எந்த மூலையிற் செல் ஏறும், எந்தச் சுவருக்கு எந்தச் சாந்து என்பனவற்றை உறுதி எழுதிய நொத்தாரிசு எழுதிவைக்கவில்லை. அவை தாய் தந்தையரின் நினைவிலேயே இருந்தன.

போருக்குப்பின் இந்திய அரசின் உதவியோடு நிகழ்ந்த 50,000 வீட்டுத் திட்டத்தில், பெரும்பாலான வீடுகளை உரியோரே முன்னின்று கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. சேதமுற்றவற்றைத் திருத்துதற்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. கல்லடுக்கி மண்சுமந்து தம் வீட்டைத் தாமே எழுப்பிய குடும்பங்கள், அவற்றுள்ளும் பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்கள், இத்துறையில் ஒரு புதிய அறிவைப் பெற்றுள்ளன. பழைய மரபு அறுந்த இடத்தில் இப்புதிய இழை தொடங்குகின்றது எனலாம்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றாற் சில உண்மைகள் பெறப்படும். யாழ்ப்பாணத்து வீடு கட்டி முடிந்த பொருளாக என்றும் கருதப்படவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பொருளாகவே அது வாழ்ந்தது. மாரிக்கு முன் கூரையும் பீலியும் கிணறும். மாரிக்குப் பின் சுவரும் தரையும் வேலியும் எனப் பணிகள் பருவத்தோடு பொருந்தின. பொருள்கள் மாறினும் அம்முறையின் அடிப்படை மாறவேண்டுவதில்லை. முதலிற் கூரையைப் பார்த்தல், சுவரடியில் நீர் தங்கவிடாமை, ஒத்த பொருளால் ஒத்ததைத் திருத்தல், ஐப்பசிக்கு முன் பணியை முடித்தல் என்னும் நான்கும் ஓலைவீட்டுக்கும் பொருந்தும், மாடிவீட்டுக்கும் பொருந்தும். பவளக்கல் அகழ்தல் இன்று சட்டத்தாற் தடுக்கப்பட்டுள்ளமையின் பழைய வழியிற் சுண்ணாம்பு பெறுதல் எல்லாவிடத்தும் இயலாது. ஆயினும் எஞ்சியுள்ள பழஞ்சுவர்களுக்குச் சுண்ணாம்பே ஏற்றது என்பதை வீடுடையோரும் கட்டட வேலையாளரும் அறிந்திருத்தல் வேண்டும்.

சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கொத்தரும், பனையோலை மேயத் தெரிந்த முதியோரும் ஊர்கள்தோறும் அருகி வருகின்றனர். அவர் தம் அறிவு எழுதப்படாத அறிவு. அதிற் பெரும்பகுதி, கல்வி மறுக்கப்பட்ட மக்களிடம் தங்கிய அறிவு. கல்லூரி மாணவர் விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊரிலுள்ள ஒரு பழைய வீட்டை அளந்து, அதன் உறுப்புக்களின் பெயர்களையும் பேணும் முறைகளையும் அறிந்தோர் வாய்க் கேட்டு எழுதிவைப்பரேல், அஃது எந்தக் கல்வெட்டுக்கும் குறையாத வரலாற்றுச் சான்றாகும். அவ்வாறு கேட்கச் செல்வோர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்பாராயின், எழுதும் பயனோடு ஒரு கூரையும் அவ்வாண்டு மாரிக்குத் தப்பும்.